செப்புக் குடத்தில் விளைந்த நீலக் கல்

அழகம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குடம் தேய்ப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கம் றொசல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பழைய செப்புக் குடம் உண்டு. திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பீலிக்கரைக்குப் போவாள். மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் அந்த இடத்தில் உட்கார்ந்து, பழம்புளியைக் கரைத்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்ப்பாள். வெளியே மட்டும் அல்ல. கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டு அடிவயிறுவரை தேய்ப்பாள். வெளியே பளிச்சென்று இருந்தால் போதாதா, உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அம்மன் வெளியவா பாக்குது அத்தை?" என்றாள்.

அவள் தேய்த்துக் கவிழ்த்தால் அந்தக் குடம் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாக இருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அழகம்மா எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே பிறந்து, எங்கள் லயத்திலேயே வாழ்க்கைப்பட்டு, என் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். கொழுந்தெடுக்கிறவள். அவள் வாய்க்குத் தோட்டமே பயப்படும். ஒருநாள் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அவள் கூடையைக் கிளறி, கொழுந்து முற்றிப்போயிருக்கிறது என்று நெடுநேரம் ஏசினார். இவள் தலையைக் குனிந்தபடியே, "பறிக்கையில இளசாத்தான் இருந்துச்சுங்கய்யா. நீங்க ஏசி முடிக்கிறதுக்குள்ள முத்திருச்சு" என்றாள். அந்த மலை முழுக்கச் சிரித்தது. கண்டாக்கும் திரும்பி நின்று சிரித்தார்.

அவள் புருஷன் சின்னராசா அவளுக்கு நேர் எதிர். பேச்சே கிடையாது. கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தேயிலைச் செடியைக் கழுத்தோடு வெட்டிச் சீராக்குகிற அந்த வளைந்த கத்தி அவர் கையில் இருந்தால், வெட்டின தேயிலை மேசைபோல மட்டமாக இருக்கும். பயபக்தியுள்ள மனிதர். வருடாவருடம் விரதமிருந்து கரகம் எடுத்துத் தீ மிதிப்பார்.

எங்கள் கோயிலில் பானகத்தை ஒரேயடியாகக் கலப்பதில்லை. வெல்லம், தேசிக்காய் என்கிற எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலம், ஒரு கை உப்பு எல்லாவற்றையும் கெட்டியாகச் செப்புக் குடத்தில் கரைத்து, வாழையிலையால் மூடிக் கட்டி வைத்துவிடுவோம். கரகம் ஆற்றிலிருந்து ஊர்வலமாகக் கோயிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதை அண்டாத் தண்ணீரில் ஊற்றிக் கலந்து எல்லாருக்கும் கொடுப்போம். ஆனால் கரகம் எடுத்தவருக்கு முதல் தம்ளர் குடத்திலிருந்தே போகும், தண்ணீர் கலக்காமல். பட்டினி கிடந்தவருக்குச் செய்கிற மரியாதை அது. குடத்தில் கரைப்பதும் முதல் தம்ளரை மொள்ளுவதும் அழகம்மாவின் வேலை.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு திருவிழாவில் மழை பிடித்துக்கொண்டது. ஊர்வலம் வர முடியாமல் தள்ளிப்போனது. மழை விட்டபின் சின்னராசா கரகத்தோடு வந்தார். முதல் தம்ளரைக் குடித்தார். தீக்குழி ஓரத்தில் போய் நின்றவர், குனிந்து வாந்தி எடுத்தார்.  விரதக்காரர் தீக்குழி ஓரத்தில் வாந்தி எடுத்தால் எங்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான். விரதம் முறிந்துவிட்டது. அவர் தலையிலிருந்து கரகத்தை இறக்கினார்கள். என்ன தின்றாய், எங்கே போனாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காததால் குடித்திருப்பார் என்றார்கள் சிலர். அதைவிடக் கேவலமாகவும் பேசினார்கள். அன்றைக்கு வேறு சிலருக்கும் வயிற்றைப் பிரட்டியது. பட்டினி வயிறு என்று அதை விட்டுவிட்டோம்.

அந்த மாதமே சின்னராசா கொழும்புக்குப் போய் ஒரு ஹார்ட்வேர் கடையில் சேர்ந்துகொண்டார். தீபாவளிக்கு வருவார். வந்தாலும் கோயில் வழியாக வரமாட்டார். கீழே தேயிலைக்குள் புகுந்து, சேறு மிதித்து, லயத்துக்குப் பின்பக்கமாக ஏறி வருவார். அவருடைய கவ்வாத்துக் கத்தி காம்பராச் சுவரில் தொங்குகிறது. அழகம்மா அதைத் துருப்பிடிக்க விட்டதில்லை.

அவர்களுடைய மகன் கிஷாந்த் இப்போது மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை செய்கிறான். தேயிலையில் கொப்புளம் போடுகிற நோய் வந்தால் அடிக்கிற செம்பு மருந்து நீலமாக இருக்கும். அந்த நீலம் அவன் நகக்கண்ணில் எப்போதும் ஒட்டியிருக்கும். இந்த வருடம் கரகம் தான் எடுக்கிறேன் என்று அவன் கேட்டான். கோயில் தலைவர் வீரபத்திரன் முடியாது என்றுவிட்டார். அப்பன் கதை முதலில் தீரட்டும் என்றாராம். அழகம்மா கோயில் வாசலிலேயே நின்று, "ஒங்க வீட்டு ஆளுக யாரும் வாந்தியே எடுத்தது இல்லியாங்க மாமா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. ஆனால் பானக வேலையை அவளிடமிருந்து பிடுங்க அவருக்கும் மனம் வரவில்லை.

இந்த வருடம் துபாயில் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கோயிலுக்குப் புது எவர்சில்வர் பானை வாங்கிக் கொடுத்திருந்தது. வெல்லப் பானகம் அதற்குப் போய்விட்டது. செப்புக் குடம் சும்மா இருந்தது. சும்மா இருக்கும்போதுதான் அழகம்மாவுக்கு எங்கள் ஞாபகம் வந்தது. சீனி வருத்தக்காரர்களைச் சொல்கிறேன். எங்கள் லயத்தில் வயசான ஆட்களில் பாதிப்பேருக்கு அந்தச் சர்க்கரை வியாதி. திருவிழாவில் எல்லாரும் பானகம் குடிக்க, நாங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓரமாக நிற்போம். அவள் ஹட்டன் டவுனுக்குப் போய், சீனிக்குப் பதிலாகப் போடுகிற சக்கரின் தூள் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். நாக்கில் ஒரு துளி வைத்துக் கொடுத்தாள். முதலில் இனித்தது, பிறகு கசந்தது. மருமகள் மாதிரி இருக்கிறதே என்றேன். "மாமியா மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

தேசிக்காய்ச் சாற்றில் அந்தப் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கரைத்து, உப்புப் போட்டு, தேய்த்து வைத்த செப்புக் குடத்தில் ஊற்றி, இலையால் மூடிக் கட்டினாள். வீரபத்திரனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தாள். அவரும் தலையாட்டினார். அவருடைய அம்மாவும் எங்கள் கூட்டம்தான்.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. மலை சரிந்து ரோட்டில் மண் கிடந்தது. ஆற்றங்கரைக்குப் போன கரகம் அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கிவிட்டது. இரண்டு இரவு கழிந்து வெயில் வந்தபிறகுதான் தப்பு மேளச் சத்தம் மேலே ஏறி வந்தது. கரகம் வந்தது, பூசை முடிந்தது, வெல்லப் பானகம் எல்லாருக்கும் போனது. கடைசியாக எங்களை வரிசையில் உட்காரவைத்தாள் அழகம்மா. முதல் ஆள் நான். குடத்தின் கட்டை அவிழ்த்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டாள்.

மொண்ட கை அப்படியே நின்றது.

தம்ளருக்குள் இருந்தது நீலம். வானத்து நீலம் அல்ல, கடல் நீலமும் அல்ல. பச்சை கலந்த அந்த நீலத்தை எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மருந்து டாங்கியின் நீலம்.  எல்லார் கண்ணும் போய் நின்றது கிஷாந்தின் விரல் நகத்தில். அவன் கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அது எவ்வளவு பெரிய தப்பாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

வீரபத்திரன் தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கரகம் தரவில்லை என்பதற்காக வயசான ஆட்களுக்கு மருந்தைக் கரைத்துக் கொடுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவருடைய அம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழகம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தேசிக்காயும் சக்கரினும் உப்பும்தான் போட்டேன் என்றாள். கற்பூரத்தைக் கொண்டு வாருங்கள், அம்மன் முன்னால் கையில் ஏற்றி அணைக்கிறேன் என்றாள். எங்களிடம் சத்தியம் என்றால் அதுதான் வழக்கம்.

வீரபத்திரன் தம்ளரை அவளிடம் நீட்டினார்.

"கற்பூரம் வேணாம் அழகம்மா. நீ கரைச்சதை நீயே அம்மனுக்கு முன்னால குடி."

நான் எழுந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். குடிக்காதே என்றேன். உன்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, வேறு யாராவது எதையாவது போட்டிருந்தால் என்ன செய்வாய் என்றேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"விடுங்க அத்தை. நான் ஒண்ணும் போடல. போடாதவளுக்கு என்ன வரப்போகுது?"

பாதித் தம்ளர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிப்பாத்தான் இருக்குங்க மாமா, ஒங்களுக்கும் மொள்ளவா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது. மீதித் தம்ளரை அம்மன் படியில் வைத்தாள்.

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வாந்தி. நீலமும் பச்சையுமாக, நின்று நின்று, குடல் வெளியே வருகிற மாதிரி. கண் செருகிவிட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை, அம்மன் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றாள். என்னால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.  அழகம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் கிடக்கிற கிடப்பையும் என் கண் பார்க்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

கொழுந்து லொறியில் ஏற்றி, சரிந்த மண்ணுக்கு இந்தப் பக்கம் இறக்கி, பிள்ளைகள் தூக்கிக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் ஒரு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சில நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதாகக் கிஷாந்த் போன் பண்ணினான். வீரபத்திரன் குடத்தையும் தம்ளரையும் இருந்த இடத்திலேயே விட்டுக் கோயிலைப் பூட்டினார். ரோடு சீரானதும் பொலிஸ் வரும், பையனைக் கொண்டுபோகும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றார். பொலிஸுக்கு மண்சரிவு வேலையே தலைக்குமேல் இருந்தது. நாட்கள் போயின.

ஒரு காலையில் வீரபத்திரன் என் காம்பரா வாசலில் வந்து நின்றார். பொலிஸ் நாளை வருகிறதென்று கேள்விப்பட்டு, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கோயிலைத் திறந்தாராம். 

"பெரியம்மா, தம்ளருக்குள்ள கல்லு மொளைச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். படியில் இருந்த தம்ளரில் தண்ணீர் வற்றி அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதற்குள் கல். நீலக் கல். பட்டை தீட்டி வைத்த மாதிரி, ஓரம் நேராக, முனை கூராக. மூக்குத்திக்கு வைக்கலாம் போல இருந்தது. குடத்துக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரெல்லாம் அதே நீலம் பூத்துப்போயிருந்தது.  வந்து பார்த்தவர்களில் ஒருவர் செய்வினை என்றார். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் கேத்ரின் டீச்சர் வீடு. கொழுந்தெடுத்த குடும்பத்துப் பிள்ளைதான். வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது ஹட்டனில் பெரிய வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறாள். மழைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதால் வீட்டில் இருந்தாள். கல் முளைத்தால் கல்லைப் படித்தவளைக் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றே தம்ளரை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா, இது மாதிரி ஒண்ண நான் கம்பஸ்ல என் கையால வளத்திருக்கேன். சக்கரினும் செம்பும் சேந்தா வார கல்லு மாதிரியே இருக்கு."

பிறகு அவள் சொன்னதை எனக்கு விளங்கினமட்டில் சொல்கிறேன். சக்கரினில் நைதரசன் என்று ஒரு அணு இருக்கிறதாம். அது ஒரு சின்ன ஐதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரைந்ததும் அதைக் கைவிட்டுவிடும். கைவிட்ட அந்த இடம் வெறுமனே இருக்காது. பக்கத்தில் செம்பு கரைந்து கிடந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். செம்பு நடுவில். அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு தண்ணீர். மேலே ஒரு சக்கரின், கீழே ஒரு சக்கரின், இரண்டும் நைதரசனால் செம்பைப் பிடித்தபடி. அவள் ஒரு தேசிக்காயை எடுத்து, சுற்றிலும் நாலு ஈர்க்கு, மேலும் கீழும் ஒவ்வொரு ஈர்க்கு என்று குத்திக் காட்டினாள். இப்படிக் கோடிகோடி தேசிக்காய் வரிசை தவறாமல் அடுக்கிக்கொண்டால் அதுதான் கல். செம்புக்குப் பதில் நிக்கலைப் போட்டால் கல் பச்சையாக வரும், கோபால்ட்டைப் போட்டால் ரோசாப்பூ நிறத்தில் வரும், ஆனால் பிடிக்கிற பிடி ஒன்றுதான் என்றாள். சக்கரினில் ஒட்சிசனும் இருக்கிறது, சில இடத்தில் அதாலும் பிடிக்கும், ஒரே நேரத்தில் இரண்டு உலோகத்தைப் பிடிப்பதும் உண்டு என்றாள். அதற்குமேல் எனக்கு ஏறவில்லை.

வீரபத்திரன் முட்டாள் இல்லை. அவர் கேட்டார், செம்பு இருக்கிறது என்றால் சரி, மருந்திலும் செம்புதானே இருக்கிறது, அது வந்த வழியைக் கல் சொல்லுமா என்று. சொல்லாது என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள். எழுந்து போய்க் குடத்துக்குள் டோர்ச் அடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பெரியம்மா, இதுக்கு உள்பக்கம் ஈயம் பூசியிருந்தாங்களா?"

பூசியிருந்தார்கள். நான் சின்னவளாக இருந்தபோது அந்தக் குடம் உள்ளே வெள்ளையாக இருக்கும். ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு மேலே வருவார். பிறகு அவர் வரவில்லை. ஈயம் மறைந்து உள்ளேயும் சிவப்பானதும் எங்களுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஈயம் போய்விடும், பிறகு தேசிக்காய்ப் புளிப்பு நேராகச் செம்பைக் கரைக்கும், உப்புச் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரைக்கும், அந்தக் கரைந்த செம்பைத்தான் சக்கரின் பிடித்துக் கல்லாக்கியிருக்கிறது என்றாள் டீச்சர். இவ்வளவு சுத்தமாக யார் தேய்த்தது என்று கேட்டாள். 

வீரபத்திரன் மறுபடியும் கேட்டார்.

"எல்லா வருசமும் இதே கொடந்தானே டீச்சர்? இதே தேசிக்கா தானே? அப்ப ஏன் ஒண்ணும் ஆகல?"

டீச்சர் யோசித்தாள். பிறகு, அதையும் சேர்த்தே பார்த்துவிடுவோம் என்றாள். ஈயமில்லாத இரண்டு செப்புச் சொம்பும் ஒரு கண்ணாடிப் போத்தலும் கேட்டாள். கண்ணாடியில் தேசிக்காயும் டவுனிலிருந்து புதிதாக வாங்கிவந்த சக்கரினும் உப்பும். ஒரு சொம்பில் அதே மூன்றும். மற்றச் சொம்பில் சக்கரினுக்குப் பதில் வெல்லமும் சுக்கும். எல்லாவற்றையும் வீரபத்திரன் கையாலேயே கலக்கவைத்தாள். அவரே கோயிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பொலிஸிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டார். அதை அவர் செய்தார், இல்லை என்று சொல்லக்கூடாது.

திறக்கிற அன்று அழகம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். உடம்பு பாதியாகியிருந்தது. கிஷாந்த் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன்மேல் இருக்கிற பழி போகிறதா இல்லையா என்பதைவிட, மகனைப் பொலிஸ் கொண்டுபோகுமா என்பதே அவள் கண்ணில் இருந்தது. மூன்றையும் வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றினார்கள். கண்ணாடிப் போத்தலில் இருந்தது தேசிக்காய்த் தண்ணீர் நிறத்திலேயே இருந்தது. சக்கரின் சொம்பில் இருந்தது நீலம். அதே நீலம், கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அழகம்மா என் கையைப் பிடித்தாள்.  பூட்டின கோயிலுக்குள் யாரும் மருந்து கரைக்கவில்லை. இனி அவனை யாரும் கொண்டுபோகப் போவதில்லை.

வெல்லச் சொம்பில் இருந்தது எப்போதும்போலப் பழுப்பாக இருந்தது. சுக்கு மணம்கூட வந்தது. பார்த்தீர்களா, வெல்லத்தில் ஒன்றும் ஆகவில்லை, கேடு எல்லாம் சக்கரினால்தான் என்று வீரபத்திரன் மூச்சுவிட்டார். டீச்சர் தலையாட்டவில்லை. சுத்தமான இரும்பு ஏதாவது வேண்டும் என்றாள்.

கிஷாந்த் ஓடிப்போய் வீட்டுச் சுவரில் தொங்கிய அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்தான். எண்ணெய் போகச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தாள் டீச்சர். வெள்ளி மாதிரி மின்னியது. முனையைக் கண்ணாடிப் போத்தலில் இருந்து ஊற்றின கோப்பையில் வைத்தாள். எடுத்தாள். அப்படியே வெள்ளையாக இருந்தது. கழுவித் துடைத்து வெல்லப் பானகத்தில் வைத்தாள். வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாங்கள் எல்லாரும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருந்தோம்.

எடுத்தபோது கத்தியின் முனை சிவப்பாக இருந்தது. செம்பு முலாம் போட்ட மாதிரி, மூழ்கின அளவுக்குச் சிவப்பு.

வெல்லப் பானகத்திலும் செம்பு கரைந்திருக்கிறது என்றாள் டீச்சர். இரும்பு அதை வெளியே இழுத்திருக்கிறது. வெல்லத்தின் பழுப்பு அந்த நீலத்தை மறைத்துவிடும். கரைத்த அன்றே கலந்து குடித்தால் கரைகிற செம்பு கொஞ்சம், வயிறு தாங்கிக்கொள்ளும். மழைக்கு நின்று, இரண்டு இரவு ஊறி, தண்ணீர் கலக்காமல் கெட்டியாகக் குடித்தால் தாங்காது. சக்கரின் தெளிவாக இருந்ததால்தான் இந்த வருடம் கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அழகம்மாவைப் பார்த்தேன். அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருந்த என் கை வலித்தது.

"அந்த வருசமும் மழைக்கு நின்னுச்சு அத்தை," என்றாள். சத்தமே இல்லை. "மொத தம்ளர நாந்தான் மோந்து குடுத்தேன்."

 வீரபத்திரன் அந்த வருடம் கரகத்தை இறக்கின தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவளிடம், நீ என்ன தெரிந்தா செய்தாய், குடம் செய்தது என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன், யார் மறுத்துச் சொன்னாலும் கேட்கமாட்டேன். அன்றைக்கு அவள் காதில் அது விழவில்லை. "உள்ள வரைக்கும் தேச்சேனே" என்று மட்டும் சொன்னாள்.

வீரபத்திரன் அவளிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா. அவருக்குச் சொல்லுங்க. எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

கிஷாந்த் கொழும்புக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தான். கடைச் சத்தம் கேட்டது, இரும்புக் கம்பி இழுக்கிற சத்தம். வீரபத்திரன் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். குடம், ஈயம், செம்பு, மழை, முதல் தம்ளர். கோயிலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நாங்கள் உங்கள் தலையிலிருந்து கரகத்தை இறக்கினது பிழை என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் கம்பிச் சத்தம் மட்டும் வந்தது. 

"அப்ப நான் வெரதத்த முறிக்கலியா?" என்றார் சின்னராசா.

 அவர் எதையும் மறைத்ததால் வாய் மூடி நிற்கவில்லை. தானே முறித்துவிட்டதாக நினைத்துத்தான் நின்றிருக்கிறார்.

"அன்னைக்குக் காலைல பீலில முழுகையில ஒரு வாய்த் தண்ணி உள்ள போயிருச்சு," என்றார். "அதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவ்வளவு காலமும் அதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தில் பெரிய ஆம்பளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அழகம்மா மகனிடமிருந்து போனை வாங்கினாள். "கொடத்த தேச்சது நாந்தாங்க" என்றாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவள் திரும்பி வரும்போது கிஷாந்த் கத்தியைத் துணியால் துடைக்கப் போனான். அழகம்மா எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"தொடைக்காதடா. அவர் வந்து பாக்கணும்."

அந்தக் கத்தி இப்போது மறுபடியும் சுவரில் தொங்குகிறது. முனை சிவப்பாகவே இருக்கிறது. இந்தத் தீபாவளிக்குக் கோயில் வழியாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.